மரக் கிண்ணம் கடைசல்: ஈரம், அரக்கு, எண்ணெய்

பச்சை மரத்தை (வெட்டி ஈரம் காயாத மரத்தை) கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, உளியால் சீவிக் கிண்ணமாகக் கடையலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாகக் கடையலாம், ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது, அவ்வளவுதான். தெருவில் வேம்பு சாய்ந்தால் விறகுக்குப் போகுமுன் ஒரு துண்டு கேட்டு வாங்கிவிடுவேன். ஈர மரத்தில் உளி வைத்தால் சீவல் ரிப்பன் மாதிரி நீளமாகச் சுருண்டு வந்து தோளில் விழும். தூசியே இருக்காது. முதல் சுற்றில் சுவரைத் தடிமனாக விட்டுவிடுங்கள். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். வெட்டுமுகத்தில் (மர இழை குறுக்கே வெட்டுப்பட்ட பக்கத்தில்) மெழுகு உருக்கித் தடவி, காற்று அதிகம் படாத மூலையில் வைத்து, அவ்வப்போது தராசில் போட்டுப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

அதற்குள் வட்டம் கோணலாகியிருக்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய்ந்தபின் இரண்டாம் சுற்றில் அந்தக் கோணலைச் சீவி எடுக்கத்தான் தடிமன். தூங்குமூஞ்சி மரம் மட்டும் சாது, அதிகம் சுருங்காது. ஈரத்திலேயே முழுசாகக் கடைந்துவிடலாம்.

*

மேலே அண்ணன் சொன்னது சரி. நான் மெருகைப் பற்றிச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்தில் ஒரு பட்டறையில் நின்று பார்த்தேன். மரம் வெட்பாலை (நம் ஊரில் தோல் வியாதிக்கு எண்ணெய் காய்ச்சும் அதே மரம்தான்). சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். அடுப்பு கிடையாது, உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி, நிறம் வளையமாகப் பிடிக்கிறது. முதலில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அப்புறம் தாழை ஓலையை வைத்து அழுத்தினார் பாருங்கள், திட்டெல்லாம் கரைந்து கண்ணாடி! நம் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கும் இதே அரக்குதான். ஆனால் சூடான சாம்பார் ஊற்றும் கிண்ணத்துக்கு வேண்டாம். அரக்கு சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும்.

*

சாப்பாட்டுக் கிண்ணம் என்றால் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் போடச் சொல்லாத ஆள் இல்லை. அது காய்ந்து படலமாகாது, நாள்பட்டால் சிக்கு வாடை. ஆளி விதை எண்ணெய் காற்றுபட்டு இறுகும், பொறுமைதான் வேண்டும். கடையில் ‘பாயில்டு’ (காய்ச்சியது) என்று விற்கும் ஆளி விதை எண்ணெயில் பெரும்பாலும் சீக்கிரம் காய உலோக உப்பு கலந்திருக்கும். தின்கிற பாத்திரத்துக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

எண்ணெய்க்கு முன் உப்புத்தாளில் தேயுங்கள்; 120, 180, 240, 320 என்று (எண் ஏற ஏறத் தாள் நைசாகும்) படிப்படியாக ஏறுங்கள். ஒன்றைத் தாண்டிக் குதித்தால் எண்ணெய் பட்டதும் கீறல் பல்லிளிக்கும்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். இறுகும்போது சூடு கிளம்பி, தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.