24 வோல்ட் பழைய லாரியில் சார்ஜ் கோளாறு: அனுபவப் பகிர்வு

சங்ககிரி, ஆட்டோ எலக்ட்ரீஷியன்

டீசலைத் தள்ள மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய வண்டிகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுவோம். அந்த இன்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரன்ட்டே வேண்டாம். அதனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் படுத்துவிட்டது பகலில் டிரைவருக்குத் தெரிவதில்லை. ராத்திரி ஹெட்லைட் மங்கும்போதோ, காலையில் செல்ஃப் 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும்போதோதான் தெரியும். உடனே புது பேட்டரி போடுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கும், புது பேட்டரியும் சீக்கிரமே போய்விடும்.

மல்டிமீட்டரில் மூன்று ரீடிங் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்கவே கூடாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரியும் சேர்ந்து 25.2 வோல்ட்டாவது காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 19-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தால் 27.6-இலிருந்து 28.6 வரை நிற்க வேண்டும். 26-ஐத் தாண்டவே இல்லையென்றால் சார்ஜிங் பக்கம் கோளாறு. 29.5-க்கு மேல் போனால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். பேட்டரியில் தண்ணி வற்றுவதும் பல்புகள் அடுத்தடுத்து ஃபியூஸ் ஆவதும் இதனால்தான்.

ஓடுகிற இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'சார்ஜ் வருதா' என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆல்டர்நேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் எகிறி, கரன்ட்டை ஒரே திசையில் விடும் டையோடும் ரெகுலேட்டரும் சேர்ந்தே போய்விடும்.

நாமக்கல், லாரி பட்டறை

அண்ணே சொன்ன மாதிரி 26-இலேயே நிற்கிற வண்டியில், ஆல்டர்நேட்டரை இறக்குவதற்கு முன்னால் டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் பல்பைப் பாருங்கள். சாவி போட்டதும் அது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆல்டர்நேட்டருக்குள் சுற்றும் ரோட்டருக்குப் போகிற முதல் கரன்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. அது ஃபியூஸ் ஆகிவிட்டாலும், யாராவது அழகுக்காக எல்இடி மாற்றியிருந்தாலும் ஐடிலில் சார்ஜே ஆகாது. ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால் திடீரென்று பிடித்துக்கொள்ளும். 24 வோல்ட் 3 வாட் சாதா பல்பு போட்டால் பல வண்டி அதோடு சரியாகிவிடும்.

சாவி போட்டும் பல்பு எரியவில்லையா? ஆல்டர்நேட்டரில் இருக்கும் ஒல்லி ஒயரைக் கழற்றி இன்ஜின் பாடியில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் பல்பும் ஒயரும் நல்லது, கார்பன் பிரஷ்ஷோ, ரோட்டரோ, ரெகுலேட்டரோதான் குற்றவாளி. பிரஷ் 5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தடிமனான ஒயரைத் தவறிக்கூடத் தொடாதீர்கள். அதில் நேராக பேட்டரி கரன்ட் நிற்கிறது.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) பெயின்ட் அடித்து வந்த வண்டியில் முதல் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது பேட்டரி நெகட்டிவ் சேசிஸோடு சேரும் இணைப்பின் மேல்தான். சேசிஸில் ஒயர் முனையின் லக் உட்காரும் இடத்திலும் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் இன்னொன்றை எர்த் பக்கம் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ரொம்ப மோசமானால் செல்ஃப் கரன்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் சுடும். இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, லக்கை முறுக்கி, அதற்கப்புறம் மேலே கிரீஸ் தடவுங்கள்.

சேலம், பேட்டரி கடை

பேட்டரி சாவதற்குப் பெரிய காரணம் ஒன்றை இன்னும் யாரும் தொடவில்லை. டேப், ஃபேன், செல்போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட் என்பதால் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பது. எர்த் பக்கம் இருக்கும் பேட்டரிதான் எப்போதும் மாட்டும். 4 ஆம்பியர் சாமான் 8 மணி நேரம் ஓடினால் அந்த ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 32 ஆம்பியர்-அவர் போகிறது. சார்ஜ் ஏறும்போதோ இரண்டும் சீரியலில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே கரன்ட். ரெகுலேட்டர் பார்ப்பது இரண்டின் மொத்த வோல்ட்டேஜை மட்டும்தான். 28.2 வந்துவிட்டது என்று அது திருப்தியாக இருக்க, உள்ளே ஒன்று 13.0-இலும் மற்றது 15.2-இலும் இருக்கும். ஒன்று பசியிலேயே கிடந்து தகடுகளில் சல்பேட் பிடிக்கும், இன்னொன்று கொதித்துத் தண்ணி வற்றும். ஒரு பேட்டரிக்கு மட்டும் அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் கேட்கிறது என்று டிரைவர் சொன்னால் இதுதான் விஷயம்.

இன்ஜின் ஓடும்போது இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் எங்கேயோ ஒயர் இழுத்திருக்கிறார்கள். ஆசிட்டின் அடர்த்தியை (கிராவிட்டியை) அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஒன்று 1.250-க்கு மேலும் மற்றது 1.180-க்குப் பக்கத்திலும் காட்டும். இடம் மாற்றிப் போடுவதால் ஒன்றும் ஆகாது, அடி வாங்கும் பேட்டரிதான் மாறும். அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு 24-இலிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று மாட்டுங்கள். 10 ஆம்பியர் போதும், உள்ளே வரும் 24 வோல்ட் ஒயரில் 7.5 ஆம்பியர் ஃபியூஸ். இளைத்த பேட்டரியை வெளியே எடுத்து, அதன் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு கரன்ட்டில் தனியாகச் சார்ஜ் ஏற்றி, இரண்டும் ஒரே கிராவிட்டி வந்த பிறகு மாட்டுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர். ஒன்று புதுசு ஒன்று பழசு என்று போட்டால் புதுசையும் பழசு இழுத்துக்கொண்டு போய்விடும்.

சங்ககிரி, ஆட்டோ எலக்ட்ரீஷியன்

சேலத்து அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் நன்றாக ஏறியும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், இன்ஜின் ஆறிக்கிடக்கும் நேரத்தில் ஆல்டர்நேட்டர் மேல் கை வைத்துப் பாருங்கள். அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டையோடு லீக். பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஆல்டர்நேட்டரின் தடி ஒயரையும் எடுத்து இன்சுலேஷன் டேப் சுற்றி, டெர்மினலை மறுபடி மாட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 25-க்கு மேல் நின்றால் சந்தேகமே வேண்டாம், டையோடுகள் இருக்கும் ரெக்டிஃபையர் பிளேட்டை மாற்ற வேண்டியதுதான். பாடி கட்டும் இடத்தில் பேட்டரியைக் கழற்றாமல் சேசிஸில் ஆர்க் வெல்டிங் வைத்தாலும் இந்த டையோடுதான் போகும். வெல்டிங்குக்கு வண்டி விடும்போது இரண்டு டெர்மினலையும் கழற்றிவிட்டே விடுங்கள், நெகட்டிவை முதலில் கழற்றி, திரும்ப மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள்.