3 இஞ்ச் லிஃப்ட்டுக்குப் பிறகு 70-இல் ஸ்டியரிங் பேயாட்டம்: புது டேம்பர் போட்டும் நிற்கவில்லை, உதவுங்கள்

கேட்டவர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி. 3 இஞ்ச் லிஃப்ட் போட்டு, அதாவது வண்டியை அவ்வளவு உயர்த்தி, 800 கி.மீ. ஓடியிருக்கிறது. மாற்றியது காயில் மட்டும்தான். ஷாக் அப்சார்பர், கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சில் முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பிகள்), டிராக் பார் எல்லாம் வண்டியோடு வந்தவை. டயர் 31 இஞ்ச்சிலிருந்து 33.

65, 70 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் போதும், ஸ்டியரிங் இடமும் வலமுமாகப் பேயாட்டம் ஆடுகிறது. கையால் பிடித்து நிறுத்த முடியவில்லை. 40-க்குக் கீழே வந்தால்தான் அடங்குகிறது. ஒருமுறை குழந்தைகள் பின்னால் இருக்கும்போதே வந்துவிட்டது. அதிலிருந்து வண்டியை எடுக்கவே பயமாக இருக்கிறது.

அது போக, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதில்லை. வேகத்தடையில் மெதுவாக இறங்கினால் முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். வீல் பாலன்சிங் இரண்டு முறை செய்தாயிற்று. புது ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங்குக்கான சின்ன ஷாக்) போட்டதும் ஒரு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடியே. அடுத்து எதைப் பார்ப்பது?

மண்சாலை:

எனக்கும் இப்படி வந்தது. டேம்பர் இரண்டாகப் போட்டேன், நின்றுவிட்டது. அதையே செய்து பாருங்கள்.

பட்டறைக்காரர்:

மண்சாலை நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த யோசனை வேண்டாம். டேம்பர் ஆட்டத்தை அமுக்கும், காரணத்தை எடுக்காது. உள்ளே ஏதோ ஒரு போல்ட்டோ ரப்பர் புஷ்ஷோ தளர்ந்திருக்கும். அது மறைவில் இன்னும் தேய்ந்து, ஒருநாள் இரண்டு டேம்பரையும் மீறி வரும். உங்கள் வண்டியையும் ஒருமுறை கீழே படுத்துப் பாருங்கள்.

கேட்டவருக்கு: தம்பி, காரணம் தெரியும் வரை அந்த வண்டியை வேகச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஓடும்போது வந்துவிட்டால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் வேண்டாம். இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, காலை எடுத்து, வேகத்தை மெல்லக் குறையுங்கள்.

இப்போது சோதனை. சக்கரம் நான்கும் தரையில் இருக்கட்டும், ஜாக்கி வேண்டாம். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கால் சுற்று அளவுக்கு இடமும் வலமும் விட்டுவிட்டுத் திருப்பட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பாருங்கள்: டை ராட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனைகள், டிராக் லிங்க் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), பால் ஜாயிண்ட், முக்கியமாக டிராக் பாரின் இரண்டு முனைகளும். ஆட்டம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும்.

டிராக் பாரை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது அந்த ஒரு கம்பிதான். லிஃப்ட் போட்டதும் அதன் சாய்வு கூடுகிறது, நீளமோ மாறுவதில்லை. அதனால் ஆக்சில், சேஸிஸில் அந்தக் கம்பி மாட்டியிருக்கும் பக்கமாக இழுபடும். தோராயமாக ஒரு கணக்கு: கம்பியின் இரு முனைக்கும் கிடைமட்டத்தில் 800 மி.மீ., உயரத்தில் 100 மி.மீ. வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 75 மி.மீ. தூக்கினால் அந்த 800 என்பது 787 ஆகிவிடும். அதாவது ஆக்சில் 13 மி.மீ. நகர்ந்துவிட்டது. பெரிய டயரின் எடையும் சேர்ந்து அந்த போல்ட்டை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும். போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய்விடும்.

காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) எவ்வளவு என்று அலைன்மெண்ட் ரிப்போர்ட்டில் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டியரிங் திரும்பி வராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நீள்பயணி:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தூக்கியில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினார்களா என்று கேளுங்கள். ரப்பர் புஷ் உள்குழலோடு ஒட்டி வார்த்தது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில், வண்டியின் முழு எடையும் அதன் மேல் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு.

கேட்டவர்:

நன்றி அண்ணா. நேற்று மாலை தம்பியை உள்ளே உட்காரவைத்து நீங்கள் சொன்னபடியே பார்த்தேன்.

டை ராட், பால் ஜாயிண்ட் கெட்டியாக இருக்கின்றன. சேஸிஸ் பக்கத்து டிராக் பார் போல்ட்டில் விரல் வைத்ததும் 'கிளிக்' என்று தெரிந்தது. வாஷரைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்து பளபளவென்று ஒரு வட்டம். கழற்றினால் நீங்கள் சொன்னதேதான், ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. நூல் குண்டு கட்டி இரு பக்கமும் அளந்தேன். ஆக்சில் வலப்பக்கம் 14 மி.மீ. தள்ளி நிற்கிறது. சேஸிஸ் முனையும் அந்தப் பக்கம்தான்.

காஸ்டர் இடது 3.1, வலது 3.4 டிகிரி. வண்டியின் கையேட்டில் 6 என்று இருக்கிறது. ஆர்ம் போல்ட்டுகளைத் தொங்கவிட்டுத்தான் இறுக்கியிருக்கிறார்கள்.

பட்டறைக்காரர்:

அளந்து எழுதியதற்கு மிக்க நன்றி, இப்போது குருட்டுத்தனமாகப் பொருள் மாற்ற வேண்டியதில்லை.

முதலில் ஓட்டை. பெரிய போல்ட் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், போல்ட் மாட்டும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் சரியான அளவுத் துளையுள்ள கெட்டி வாஷர் தகட்டை வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பிறகு நீளம் மாற்றக்கூடிய டிராக் பார். வண்டி தரையில் நிற்கும்போது ஆக்சில் நடுவுக்கு வரும் வரை நீளத்தைத் திருப்பி லாக் நட்டை இறுக்குங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: டிராக் பாரும் டிராக் லிங்கும் முன்னாலிருந்து பார்த்தால் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் இறக்கிய பிராக்கெட் போட்டால், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பும்.

காஸ்டருக்கு நீளமான கீழ் ஆர்ம். ஆக்சிலின் அடிப்பகுதி முன்னால் போகும், காஸ்டர் கூடும். ஆனால் முழு 6-க்கு ஆசைப்படாதீர்கள். காஸ்டரைக் கூட்டக் கூட்ட முன் ஆக்சிலின் பினியன் மூக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து மாட்டும் முனை) கீழே குனியும், அந்த ஷாஃப்ட்டின் கிராஸ் (மடங்கும் மூட்டு) கோணம் கூடும். 4.5 முதல் 5-க்குள் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

அந்த 'டொக்' சத்தம் ஷாக் அப்சார்பர் என்று சந்தேகம். 3 இஞ்ச் தூக்கியும் பழைய ஷாக் என்றால், சக்கரம் இறங்கும்போது ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு முட்டிக்கொள்கிறது. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலை மெல்லத் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்போதே பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இழுபடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அதில் அலட்சியம் கூடாது.

கேட்டவர்:

இரண்டு வாரம் ஆயிற்று. பிராக்கெட் வெல்டிங், புது டிராக் பார், கீழ் ஆர்ம் எல்லாம் முடிந்து, எல்லா போல்ட்டும் தரையில் வைத்தே இறுக்கினோம். பேயாட்டம் போய்விட்டது. அதே பள்ளத்தில் 70-இல் மூன்று முறை விட்டுப் பார்த்தேன், ஸ்டியரிங் அசையவில்லை. வளைவிலும் தானாகத் திரும்பி வருகிறது.

தொங்கவிட்டபோது ஸ்பிரிங்கில் இறுக்கம் இருக்கும்போதே ஷாக் முழுதாக நீண்டு நின்றது. இடது பிரேக் ஹோஸும் கிட்டத்தட்ட விறைத்திருந்தது, பார்த்ததும் திக்கென்றது. நீள ஷாக்கும் நீள ஹோஸும் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக ஒன்று: 85-க்கு மேல் போனால் வண்டிக்குள் காலடியில் மெல்லிய அதிர்வு. காஸ்டர் 5.3-இல் இருக்கிறது.

பட்டறைக்காரர்:

மனசுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. அதிர்வைக் கண்டுபிடிக்க, முன்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு டூ வீல் டிரைவில் ஒருமுறை ஓட்டுங்கள். உங்களுடையது பார்ட் டைம் (தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் வகை) என்றால் மட்டும் இப்படி. அதிர்வு போனால் பினியன் கோணம்தான். கீழ் ஆர்மைக் கொஞ்சம் குறையுங்கள்.

நீள ஷாக் வந்ததும் பம்ப் ஸ்டாப்பையும் (ஆக்சில் மேலே வந்து முட்டும் ரப்பர் கட்டை) அதற்கேற்ப நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் அமுங்கும்போது ஷாக் அடியில் முட்டி உடையும்.

மண்சாலை:

அண்ணா, நானும் பார்த்தேன். டிராக் பார் ஆக்சில் முனை புஷ் கிழிந்திருக்கிறது. நல்ல வேளை சொன்னீர்கள்.

கேட்டவர்:

ஷாஃப்ட் கழற்றி ஓட்டினேன், அதிர்வு இல்லை. ஆர்மைக் குறைத்து 4.7-க்குக் கொண்டுவந்தேன். ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டி 95 வரை போனேன், சுத்தமாக இருக்கிறது. ஷாக் வந்ததும் பம்ப் ஸ்டாப்போடு சேர்த்துப் போட்டுவிட்டு, 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்க்கிறேன்.