ஓங்கிலும் ஒரு கலப்புச் சுரபுன்னையும்

கடலூர் முதுநகரில் எங்கள் சித்தப்பாவுக்கு ஃபைபர் படகு இருக்கிறது. கூடப் போனால் ஓங்கில், அதாவது டால்பின், கண்ணில் படுவது அதிசயமில்லை. "ஓங்கில் சுத்துதுன்னா கீழ மீனு இருக்குடா" என்பார். வலையைக் கிழித்துவிட்டுப் போன நாளில் பேச்சு வேறு மாதிரி இருக்கும், அதை இங்கே எழுத முடியாது.

ஒருநாள் ஒரு கூட்டம் படகின் முனையை ஒட்டியே நீந்தி வந்தது. நீள மூக்கு, எகிறும்போது உடம்பையே சுழற்றிக்கொண்டு விழும் ஸ்பின்னர் வகை. தாயின் விலாவோடு ஒரு குட்டி. தாய் மேலே வந்து 'புஸ்' என்று மூச்சுவிட்டதும், பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு 'புஸ்'. மீன் வாடையோடு அந்த ஈரம் என் கையில் தெறித்தது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் அந்தக் கலப்புச் சுரபுன்னை மரத்தைப் பார்த்ததில் இப்படி எந்தப் பரபரப்பும் இல்லை. கூட வந்த ஆராய்ச்சி மாணவி தோணியை நிறுத்தச் சொல்லிக் காட்டாவிட்டால் கடந்து போயிருப்பேன். அங்கே சுரபுன்னையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குட்டைக் காம்பில் பூக்கள் இரண்டிரண்டாக இருக்கும், இதழ் வழவழப்பு. மற்றதில் பூக்கள் கொத்தாகத் தொங்கும், இதழ் ஓரத்தில் பஞ்சு மாதிரி மயிர். காற்று மகரந்தத்தை மாற்றிப் போட்டு, இரண்டுக்கும் பிறந்த மரம்தான் இது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் 1995இல் இதைப் புது இனமென்று எழுதினார், 1999இல் கலப்பினமென்று வகைப்படுத்தினார். பெயர் ரைசோஃபோரா அண்ணாமலையானா.

ஓங்கிலும் சுரபுன்னையும் உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு காற்றைச் சுவாசிப்பவை. ஒன்றுக்குத் தலையில் மூச்சுத் துளை, மற்றதற்குத் தாங்குவேர்களில் பொடிப் பொடித் துளைகள். இரண்டும் ஒரு வகையில் குட்டி போடுபவை. சுரபுன்னை விதை தாய் மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகுதான் சேற்றில் விழும். ஆனால் இந்தக் கலப்பு மரம் காய்ப்பது அபூர்வம். எனக்கு அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. ஓங்கிலைக் காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கலாம், அது குட்டி போட்டுப் பெருகும். இந்த மரத்துக்கு மட்டும் வேலி போட்டுப் பயனில்லை. இரண்டு பெற்றோர் மரங்களும் அக்கம்பக்கத்தில் நின்றால்தான் இன்னொன்று முளைக்க வழி உண்டு. நடவுத் திட்டங்களில் காயைச் சேற்றில் குத்தி நடுகிறார்களே, அதிலும் ஒரே வகையை வரிசையாக நட்டால் இந்தக் கலப்பு மரத்துக்கு ஒரு பயனும் இல்லை.

அப்புறம் ஒரு கேள்வி. பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்று முகத்துவாரத்துக்குள் ஓங்கில் வந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? சித்தப்பா பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார். எனக்குப் பாதி நம்பிக்கைதான்.