சரவணனின் மேல்முறையீடு: எங்கள் குடும்பக் குழுவில் ஏழு வாரம்

ஜூலை 6, ஞாயிறு

வள்ளி (காலை 7:12): சரவணன் அண்ணா, யாழினியின் காதணி விழாப் பத்திரிகை நாளை அச்சுக்குப் போகிறது. நீங்களும் அண்ணியும் எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று சொன்னால் மண்டபத்திலேயே அறை சொல்லிவிடுவேன்.

கோமதி அத்தை (7:20): தொங்கட்டான் யார் வாங்குவது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். போன தடவை கொலுசு விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது போதும்.

சரவணன் (7:41): வள்ளி, இந்த முறை எங்களால் வர முடியாது. மே 22ஆம் தேதியோடு என் வேலை போய்விட்டது. வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். நானாக வேலையை விட்டேன் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்ததால், தகுதியில்லை என்று ஜூன் 12ஆம் தேதியிட்ட கடிதம் வந்துவிட்டது. அப்பா இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இளங்கோ (7:43): மே மாதத்திலிருந்தா?

வள்ளி (7:44): அண்ணிகூட வாய் திறக்கவில்லையே.

அப்பா (7:58): படித்தேன். வேலை போவது குற்றமல்ல. ஆறு வாரத்துக்கு மேல் எங்களிடம் மறைத்ததுதான் வருத்தம். இன்னொன்றும் சொல்கிறேன். உழைக்காத நாளுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணத்துக்காக வழக்காடுவது நம் வீட்டில் வழக்கமில்லை.

மைதிலி, சாக்ரமெண்டோ (8:15): சித்தப்பா, குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள், பதினோரு வருடமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது தானமன்று, காப்பீடு. 1935இல் அமெரிக்க அதிபர் ரூசவெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக வந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு மாநிலமும் தன் நிதியைத் தானே நடத்துகிறது. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுச் சம்பளத்தின் முதல் 7,000 டாலர்மீது முதலாளி வரி கட்டுகிறார். அந்த நிதியிலிருந்துதான் வேலையிழந்தவருக்கு வாரந்தோறும் 40 முதல் 450 டாலர் வரை, அதிகபட்சம் 26 வாரம் கொடுக்கிறார்கள். சரவணன் பெயரிலும் வருடாவருடம் கட்டியிருக்கிறார்கள். வீடு எரிந்தவன் தீக்காப்பீட்டுப் பணத்தைக் கேட்டால் அதைப் பிச்சை என்போமா?

இளங்கோ (8:19): வாரம் 450 டாலர் என்றால் நம் பணத்தில் மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வருகிறது. இதற்கு ஏன் இவ்வளவு அழுகை?

கவிதா, சரவணன் மனைவி (8:22): அழவில்லை, இளங்கோ மாமா. இங்கே ஃப்ரீமாண்டில் எங்கள் வாடகை மட்டும் மாதம் 3,200 டாலர். அந்த 450 என்ற உச்சவரம்பும் 2005இலிருந்து ஒரு டாலர்கூட ஏறவில்லை.

பாரி, ஓசூர் (8:30): இந்தக் குழுவில் முழு வாக்கியமாகத்தான் எழுத வேண்டும் என்ற பெரியப்பாவின் விதிப்படியே எழுதுகிறேன். 2020இல் எங்கள் ஆலை மூடியபோது தொழிலாளர் காப்பீட்டுக் கழகமான இ.எஸ்.ஐ.யின், வேலையிழந்தவர்களுக்கான அடல் திட்டத்தில் நானும் வாங்கினேன். பழைய சம்பளத்தில் நாளொன்றுக்குப் பாதி, 90 நாள் வரை, ஆயுளுக்கு ஒரே ஒரு முறை. அதுவரை கால் பங்காக இருந்ததை அந்த ஆண்டுதான் பாதியாக்கினார்கள். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை, இன்றுதான் சொல்கிறேன்.

அப்பா (8:37): பாரி, உன் அப்பனுக்குமா தெரியாது?

பாரி (8:38): தெரியாது, பெரியப்பா. அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், இப்போது தெரிந்திருக்கும்.

மைதிலி (8:52): விஷயத்துக்கு வருகிறேன். சரவணா, மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு போக வேண்டும். உனக்கு ஜூலை 12 கடைசி. கடிதத்தோடு வந்த டிஇ 1000எம் படிவம் போதும். அது தொலைந்திருந்தால் வெள்ளைத் தாளில் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாலும் ஏற்பார்கள். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிரப்பும் படிவத்தை விடாமல் நிரப்புகிறாயா?

சரவணன் (8:55): முதல் இரண்டு வாரத்துக்கு நிரப்பினேன், அக்கா. தகுதியில்லை என்று கடிதம் வந்த பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மைதிலி (8:56): அடப்பாவி.

மைதிலி (9:10): இதை எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கிருக்கும் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் இதே குழியில்தான் விழுகிறார்கள். மேல்முறையீட்டில் ஜெயித்தாலும், எந்த வாரங்களுக்கு “நான் வேலை தேடினேன், வேலை செய்யத் தயாராக இருந்தேன், இவ்வளவுதான் சம்பாதித்தேன்” என்று படிவத்தில் சொல்லியிருக்கிறோமோ அந்த வாரங்களுக்குத்தான் பணம் வரும். ஜெயித்த பிறகு மொத்தமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. சரவணா, உன் கோரிக்கை இந்நேரம் செயலற்றுப் போயிருக்கும். நாளை காலை முதல் வேலையாக அதை மறுபடி திறந்துவிடு. நடுவில் விட்ட நான்கு வாரத்துக்கு, தாமதத்துக்கு நியாயமான காரணம் சொல்லித் தனியாக எழுதிக் கேள். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில்.

கோமதி அத்தை (9:14): நான்கு வாரம் என்றால் 1,800 டாலர். அதில் தொங்கட்டான் மட்டுமா, வளையலே வாங்கலாமே.

இளங்கோ (9:16): மூன்று மா நிலத்தை விற்றுப் படிக்க அனுப்பியது, படிவம் நிரப்பத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தானா?

அப்பா (9:17): இளங்கோ, நிலத்தின் பேச்சை இங்கே எடுக்காதே. சரவணா, நீயாக விட்டாயா, அவர்கள் நீக்கினார்களா? நடந்ததை நடந்த வரிசையில் எழுது.

சரவணன் (9:40): மே 22 மாலை நான்கு மணிக்கு மேலாளரும் மனிதவள அதிகாரியும் காணொளியில் அழைத்தார்கள். என் இடம் எடுக்கப்படுகிறது என்றார்கள். நானாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும், இல்லையென்றால் நீக்கியதாகப் பதிவாகும் என்றார்கள். யோசிக்க ஒரு நாள் கேட்டேன். 4:40க்கு மேலாளரிடமிருந்து, ஐந்து மணிக்குள் கடிதம் வராவிட்டால் நீக்கும் நடைமுறை தொடங்கும் என்று ஒரு வரி வந்தது. 4:56க்கு இரண்டு வரியில் கடிதம் எழுதி அனுப்பினேன். அந்த இரண்டு வரியைத்தான் இப்போது எனக்கு எதிராகக் காட்டியிருக்கிறார்கள்.

மைதிலி (9:49): இது ராஜினாமாவே இல்லை. கலிஃபோர்னியா வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தொகுப்பின் 1256ஆவது பிரிவு, தக்க காரணமின்றித் தானாக விட்டவருக்கும் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும்தான் பணத்தை மறுக்கிறது. வேலை முடிவுக்கு வந்ததை யார் தொடங்கி வைத்தார் என்பதே அங்கே பார்க்கும் கேள்வி. “எழுதிக் கொடு, இல்லையேல் நீக்குவோம்” என்று சொன்னது அவர்கள் என்றால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் நீக்கியவர்கள் அவர்களே. நீக்கம் என்று ஆகிவிட்டால் உன் ஒழுங்கீனத்தை நிரூபிக்கும் பாரமும் அவர்கள் தலையில் ஏறும். அந்த 4:40 செய்தி உன்னிடம் இருக்கிறதா?

சரவணன் (9:51): மடிக்கணினியை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், அக்கா. எதுவும் இல்லை.

கவிதா (10:05): இருக்கிறது. அன்றைக்குத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பினீர்கள், மறந்துவிட்டீர்கள். இதோ.

*[படம்]*

வள்ளி (10:07): செய்தி முழுவதும் தெளிவாகத் தெரிகிறது. மூலையில் தேதியும் மணியும்கூட விழுந்திருக்கின்றன.

அப்பா (10:12): திரைக்குப் பக்கத்தில் இருப்பது உன் அம்மா கொடுத்தனுப்பிய பித்தளை டபரா. காபியில் ஆடை படிந்திருக்கிறது. குடிக்கவே இல்லையா?

ஜூலை 8, செவ்வாய்

சரவணன் (காலை 6:50): மேல்முறையீட்டுக் கடிதத்தை எழுதிவிட்டேன். அப்பா கேட்டதால் தமிழில் பெயர்த்து, தனியாக அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்பா (7:35): பார்த்தேன். “அநியாயமாக” என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது, நான்கையும் எடுத்துவிடு. இருபது ஆண்டு உழைப்பைப் பற்றிய பத்தியும் வேண்டாம். தீர்ப்புச் சொல்கிறவருக்கு உன் மனக்குறை தேவையில்லை. 4:00, 4:40, 4:56 என்ற மூன்று மணிகளும் யார் என்ன சொன்னார் என்பதும் போதும். கவிதா அனுப்பிய படத்தை இணைத்து, அதற்கு ஓர் எண்ணும் கொடு.

மைதிலி (7:41): சித்தப்பா, நீங்கள் இங்கே வந்தால் எங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது.

இளங்கோ (7:44): இந்தத் திருத்தம் என் உரக்கடை வரி நோட்டீசுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

சரவணன் (இரவு 10:15): இரண்டு பக்கமாக இருந்தது முக்கால் பக்கமாகிவிட்டது. இன்று அனுப்பிவிட்டேன். கோரிக்கையையும் ஞாயிறன்றே மறுபடி திறந்தாயிற்று. அந்த நான்கு வாரத்துக்குத் தனிக் கடிதம் போயிருக்கிறது.

ஜூலை 26, சனி

சரவணன் (காலை 8:05): விசாரணை அறிவிப்பு வந்துவிட்டது. ஆகஸ்ட் 6, எங்கள் நேரம் காலை 10:15. உங்களுக்கு இரவு 10:45. தொலைபேசியிலேயே நடக்கும். எல்லோரிடமும் சத்தியப் பிரமாணம் வாங்கி, பேச்சு முழுவதையும் ஒலிப்பதிவு செய்வார்களாம்.

கோமதி அத்தை (8:11): தமிழில் பேச விடுவார்களா?

மைதிலி (8:20): முன்கூட்டியே கேட்டால் கட்டணமில்லாமல் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள், அத்தை. இவனுக்கு ஆங்கிலம் போதும். இவனுக்குத் தேவை சாட்சி. அந்தக் காணொளியில் வேறு யாராவது இருந்தார்களா?

சரவணன் (8:24): காணொளியில் இல்லை. அதே நாளில் இன்னொருவருக்கும் இதே வார்த்தைகளைச் சொல்லிக் கடிதம் வாங்கினார்கள். அவர் பேசுவதாகச் சொல்கிறார். அவர் மனைவி வேண்டாம் என்கிறார்.

இளங்கோ (8:26): அவர் எந்த ஊர்?

அப்பா (8:27): அது எதற்கு உனக்கு? சாட்சிக்கு வருகிறவர் வரட்டும், வராதவரை வற்புறுத்த வேண்டாம். வேலையின்மைக் காப்பீட்டுத் துறையின் கோப்பில் நிறுவனம் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதை முன்னதாகப் பார்க்க வழியுண்டா, மைதிலி?

மைதிலி (8:31): உண்டு, சித்தப்பா. கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கட்டாயம் பார்க்கவும் வேண்டும். விசாரணை முடியும்வரை இருவாரப் படிவத்தையும் நிறுத்தக் கூடாது. இதை நூறாவது முறையாகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வள்ளி (இரவு 10:44): எல்லோரும் விழித்திருக்கிறோம், அண்ணா. அப்பா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சரவணன் (11:31): முடிந்துவிட்டது. முப்பத்தைந்து நிமிடம். சாட்சி வரவில்லை. நிறுவனத்தின் சார்பில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார். அன்று என்னிடம் பேசியவர் அல்லர். கோப்பில் ராஜினாமாக் கடிதம் இருக்கிறது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நீதிபதி கவிதாவின் படத்தை வாசித்துவிட்டு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அன்று மாலை இவர் கடிதம் அனுப்பாமல் இருந்திருந்தால், மறுநாள் இவருக்கு வேலை இருந்திருக்குமா?” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தனக்குத் தெரியாது என்றார்.

மைதிலி (11:33): ஜெயித்தாயிற்று.

அப்பா (11:35): தீர்ப்பு கையில் வரும்வரை அந்தச் சொல் வேண்டாம். எல்லோரும் தூங்குங்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கவிதா (காலை 5:40): தபாலில் தீர்ப்பு வந்தது. நிறுவனமே வேலையை முடித்தது, ஒழுங்கீனம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி, மறுப்பை ரத்து செய்திருக்கிறார்கள். மாமாவிடம் சொல்லிவிடுங்கள், கைப்பேசியை எடுக்கவில்லை.

இளங்கோ (5:52): அப்பா குளத்துக்குப் போயிருக்கிறார். நானே சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

பாரி (6:10): பணம் எப்போது வரும், அண்ணா?

மைதிலி (6:30): துறை கணக்குப் போட்டு விடுவிக்க வேண்டும், திரையில் இன்னும் “நிலுவை” என்றுதான் காட்டும், பயப்படாதீர்கள். நிறுவனம் 30 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். போனாலும் அதற்காகப் பணத்தை நிறுத்தி வைக்க மாட்டார்கள். முதல் வாரம் காத்திருப்பு வாரம், அதற்குப் பணம் கிடையாது. ஜூன் முதல் வாரம் ஒன்று, ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 16 வரை ஆறு, ஆக ஏழு வாரம். மத்திய வருமான வரிக்குப் பத்து சதவீதம் பிடிக்கச் சொல்லியிருந்தால் அது போக மீதி வரும். மாநில வரி இதற்குக் கிடையாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சரவணன் (இரவு 9:12): வங்கியில் 2,835 டாலர் ஏறியிருக்கிறது. மைதிலி அக்காவின் கணக்கு சென்ட்கூடத் தப்பவில்லை. அந்த நான்கு வாரத்துக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

அப்பா (9:20): அடுத்த படிவம் ஆகஸ்ட் 31 ஞாயிறு. நாட்காட்டித் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். அன்று காலை நான் அழைப்பேன். நிரப்பிவிட்டுத்தான் பேச வேண்டும்.

கோமதி அத்தை (9:24): விழாவுக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. தொங்கட்டான் என்ன ஆயிற்று என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

இளங்கோ (9:26): போன வாரமே வாங்கிவிட்டேன். இரண்டு தாய்மாமன் பெயரையும் சேர்த்தே மொய் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

சரவணன் (9:27): என் பங்கு எவ்வளவு, அண்ணா?

இளங்கோ (9:31): அந்த நான்கு வாரப் பணம் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.