புகைக்கும் ஆசிரியர் புகையிலைத் தடுப்புப் பாடம் எடுக்கலாமா?

வெள்ளவத்தை அப்பா:
மகன் 9ஆம் வகுப்பு, கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலை. பெயர் வேண்டாம். மே 31 புகையிலை எதிர்ப்பு தினத்துக்குச் சுவரொட்டி கீறச் சொன்ன அதே சேர், இடைவேளையில் கேற்றுக்கு எதிரே பெட்டிக்கடையில் நிற்கிறார். நூலில் கட்டித் தொங்கவிட்ட லைட்டரை இழுத்து சிகரட் பற்றவைக்கிறார். பக்கத்தில் பொடியங்கள் பணிஸ் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுக்கவேண்டும் என்கிறேன்.

வெண்கட்டி:
நானும் ஆசிரியர்தான், புகைப்பதில்லை. புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத்தான் தடுக்கிறது. வீதியோரத்தில் நின்று பிடிப்பது அதற்குள் வராது. சட்டத்தை மீறாத மனிதரை எதற்காகத் தண்டிப்பது? நிக்கொட்டின் பிடித்தால் லேசில் விடாது. 'நான் மாட்டிக்கொண்டேன், நீங்கள் தொடவேண்டாம்' என்று அவரே சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள். சுத்தமான கையோடு நான் சொன்னால் கொட்டாவிதான் விடுவார்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
சொன்னால் சரி தம்பி. சொல்கிறாரா? புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் காட்டிய சட்டத்திலேயே 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்றும் இருக்கிறது. சேர் கடையில் நிற்கும்போதே கடைக்காரர் ஒரு ஓ.எல். (சாதாரண தர) வகுப்புப் பொடியனுக்கு ஒற்றைச் சிகரட்டை நீட்டினால், எந்த முகத்தோடு தடுப்பார்?

வெள்ளவத்தை அப்பா:
அதேதான். பெட்டியில் 80 வீதம் நோய்ப் படம் போட்டாயிற்று என்று பெருமைப்படுகிறோம். ஒற்றையாக வாங்குகிறவன் பெட்டியையே பார்ப்பதில்லை. அவன் பார்ப்பது சேரை.

பல் கிளினிக்:
எல்லோரும் புகையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். அதற்கு முக்கிய காரணம் வெற்றிலையோடு போடும் பாக்கும் புகையிலையும். ஆசிரியர் அறையில் அந்தப் பொட்டலம் கைமாறினால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை, மணம்கூடப் பிடிக்கும். புகையிலை சேர்க்காமல் போட்டாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள், பாக்கே புற்றுநோய் தரும். கன்னத்தின் உட்பக்கம் மறையாத வெள்ளைத் திட்டோடு எத்தனையோ பேர் வருகிறார்கள். வலி இல்லையாம், அதனால் பிந்தி வருகிறார்கள்.

வெண்கட்டி:
எங்கள் அறையிலும் அந்தப் பொட்டலம் உண்டு. அப்படிப் பார்த்தால் எத்தனை பேரை எடுப்பது? சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்க எங்களிடம் இருப்பதே ஒருவர். அவரையும் எடுத்தால் கணித ஆசிரியர் வந்து நுரையீரல் கீறுவாரா?

கொட்டாஞ்சேனை அக்கா:
கீறட்டுமே, வட்டமாவது ஒழுங்காக வரும்! பகிடி இருக்கட்டும். ஆளை எடுக்கச் சொல்லவேண்டாம். பாடசாலை நேரத்தில் வாசலுக்கு முன்னால் சிகரட்டும் இல்லை, அறைக்குள் வெற்றிலையும் இல்லை, எல்லா ஆசிரியருக்கும் ஒரே விதி. அதிபரிடம் எழுத்தில் கேட்போம். விட நினைக்கிறவரை வைத்திய ஆலோசனைக்கு அனுப்பவும் கேட்போம்.

வெள்ளவத்தை அப்பா:
நான் எழுதுகிறேன். ஆனால் மே 31 கூட்டத்தில் அந்த சேர் மேடை ஏறக்கூடாது என்ற வரி இருக்கும்.

வெண்கட்டி:
அந்த வரி இருந்தால் என் கையெழுத்து இல்லை, அண்ணா. மற்றதற்கெல்லாம் முதல் ஆளாக வைக்கிறேன்.

பல் கிளினிக்:
வெற்றிலையை விட்டுவிடாதீர்கள். கடிதம் எழுதும்போது அதுதான் முதலில் காணாமல்போகும்.