கிளவ்பாக்ஸை (மந்த வாயு நிரப்பிய, காற்றுப் புகாத ஆய்வகப் பெட்டி) விட்டு வெளியே எடுத்ததும் படலத்தில் மின்னோட்டம் ஏறுகிறது, இது கெட்டுப்போவதா, வேறு ஏதாவதா?

படலம்காய்ச்சி:
மூன்று வாரமாக ஒரே குழப்பம். கண்ணாடியில் தங்க மின்முனைகள், மேலே ஸ்பின் கோட்டிங் செய்த (கரைசலைச் சுழற்றிப் படலமாகப் பரப்பிய) பி3எச்டி (P3HT) என்ற குறைகடத்திப் பாலிமர். கிளவ்பாக்ஸுக்குள் 10 வோல்ட்டில் 2 நானோஆம்பியர் காட்டியது, வெளியே மேசையில் 20 நிமிடம் வைத்ததும் 30 ஆகிவிட்டது. ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், எனக்கோ ஏறுகிறது! ஆனால் ஆவியாக்கிப் படியவைத்த சி60 (60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறு) படலத்தை அதே மேசையில் வைத்தால் மின்னோட்டம் விழுந்து கருவியின் இரைச்சலோடு கலந்துவிடுகிறது. கம்பி கழன்றுவிட்டதோ என்று நான்கு முறை பார்த்தேன். பி3எச்டியை வெற்றிடத்தில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் 4 வரை இறங்குகிறது. பழைய 2 வரவில்லை. படலம் போய்விட்டதா?

ஓம்கணக்கு:
ஈரப்பதமாக இருக்கும். கண்ணாடிப் பரப்பில் நீர் ஒட்டினால் கசிவு மின்னோட்டம் வரும். படலமே இல்லாத வெறும் மின்முனையை அளந்தீர்களா?

படலம்காய்ச்சி:
அளந்தேன். வெளிக்காற்றிலும் 0.05 நானோஆம்பியருக்கு மேல் போகவில்லை.

இருட்டறை:
அப்படியானால் கசிவு இல்லை. முதலில் ஓம்கணக்கு கேட்டதைக் கேட்காமல் பலர் பாதி ஆய்வே எழுதிவிடுகிறார்கள், அதனால் நல்ல கேள்விதான்.

கடத்துத்திறன் என்பது மின்னூட்டம், அதைச் சுமக்கும் ஊர்திகளின் எண்ணிக்கை, அவை எவ்வளவு எளிதில் நகரும் என்ற இயக்கத்திறன் ஆகிய மூன்றின் பெருக்கல். பி3எச்டியில் நகர்வது துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத நேர்மின் காலியிடங்கள். அதில் எலக்ட்ரான் நிரம்பிய ஆற்றல் மட்டங்களில் மேலானது, வெற்றிட மட்டத்திலிருந்து (எலக்ட்ரான் முழுதாக வெளியேறும் ஆற்றல்) ஏறக்குறைய 5 எலக்ட்ரான்வோல்ட் ஆழத்தில்தான் இருக்கிறது, அதாவது எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும். ஆக்சிஜன் அதோடு மின்னூட்டப் பரிமாற்றக் கூட்டமைப்பாகச் சேர்ந்து எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும்போது பாலிமர் சங்கிலியில் துளை மிஞ்சுகிறது. எண்ணிக்கை ஏறுகிறது, மின்னோட்டமும் ஏறுகிறது. டிரான்சிஸ்டர் செய்பவர்களுக்கு இதே விஷயம் தலைவலி: அணைநிலை மின்னோட்டம் ஏறும், தொடக்க மின்னழுத்தம் நேர்ப்பக்கம் நகரும், அணைத்தாலும் அணையாது.

சி60-இல் நகர்வது எலக்ட்ரான். அங்கே அதே ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் பொறி. பாலிமர்களிலும் எலக்ட்ரான் பொறி உண்டு: அது வெற்றிட மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3.6 எலக்ட்ரான்வோல்ட் ஆழத்தில் இருக்கிறது, நீரோடு சேர்ந்த ஆக்சிஜனாக இருக்கலாம் என்று 2012-இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பல பாலிமர்களில் எலக்ட்ரான் ஓட்டம் ஒரே மாதிரி சொதப்புவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆக, ஒரே வாயு, ஒரே வேலை, எலக்ட்ரானைப் பறிப்பது. பறிகொடுப்பவர் யார் என்பதில்தான் ஏற்றமும் இறக்கமும்.

உங்கள் 4-க்கு வருவோம். உங்கள் மேசை வெளிச்சத்தில்தானே இருக்கிறது? ஆக்சிஜன் ஒட்டுவது மீளக்கூடியது, சூட்டில் கிளம்பிவிடும். ஆனால் வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் சங்கிலியே ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அது திரும்பாது. ஒரு ராத்திரி நுண்ணோக்கி விளக்கை அணைக்காமல் தூங்கப் போனேன். காலையில் ஊதாப் படலத்தின் நடுவே மிளகளவு வெளுத்த வட்டம். பக்கத்து மின்முனைகள் நன்றாக வேலை செய்தன, அந்த வட்டத்துக்குள் இருந்தவை செத்துப்போயின. அன்றிலிருந்துதான் இந்தப் பெயர்.

உட்கவர் நிறமாலை (எந்த அலைநீள ஒளியைப் படலம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம்) எடுத்துப் பாருங்கள். 550 நானோமீட்டர் பக்கத்து முகடு குறைந்திருந்தால் வெளுத்திருக்கிறது. குறையவில்லை என்றால் ஆக்சிஜன் மிச்சம்: இன்னும் நீண்ட நேரம், இருட்டில், சூடாக்குங்கள். ஆறும்வரை வெற்றிடத்தை உடைக்காதீர்கள், பலர் அங்கேதான் கெடுக்கிறார்கள்.

ஓம்கணக்கு:
ஆறுவதற்குள் திறந்தவன் நானும்தான். ஒத்துக்கொள்கிறேன்.

படலம்காய்ச்சி:
முகடு அப்படியே இருக்கிறது. இருட்டில் ஐந்து மணி நேரம் சூடாக்கி, மூடியபடியே ஆறவிட்டேன்: 2.2. மேசை ஜன்னலோரம், இப்போது அலுமினியத் தாளால் மூடிவிட்டேன். சி60-ஐயும் இதே போல் சூடாக்கிப் பார்க்கிறேன். அதுவும் மீண்டால் வந்து எழுதுகிறேன்.