கிளீனர் இறால் படம் மசமசவென்று வருகிறது, நிறமும் வெளிறுகிறது. அவசரம்!

கடல்கண்ணாடி (இரவு 9.40)
வணக்கம். என் கடல்மீன் தொட்டியில் இருக்கும் கிளீனர் இறாலை நெருக்கத்தில் படமெடுக்க ஒரு மணி நேரமாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். எண்பது படமும் பாழ். சோப்பு நீர் வழியாகப் பார்த்ததுபோல் இருக்கின்றன. விளிம்புகளில் ஒரு பக்கம் ஊதா, மறு பக்கம் பச்சை என்று கசிகிறது. நிறமும் வெளிறிக்கிடக்கிறது, சிவப்பு எடுபடவே இல்லை. நேற்று இதே கேமராவில் கோமாளி மீனை எடுத்தேன், செதிலை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். ஒரே நாளில் லென்ஸ் போய்விடுமா? நாளை ஒருவருக்குப் படம் அனுப்பியாக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

உப்புக்கரண்டி
என்ன கேமரா? என்ன லென்ஸ்? அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் வேகம் எவ்வளவு? தொட்டி கண்ணாடியா அக்ரிலிக்கா? முன்பக்கம் தட்டையா வளைவா? பம்ப் ஓடிக்கொண்டிருந்ததா? விளக்கு என்ன நிறம்? இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் லென்ஸ் போய்விட்டதா என்று கேட்டால் நான் சோழிதான் உருட்ட வேண்டும்.

மூத்த_மேக்ரோ
மாதம் தவறாமல் இதே கேள்வி. பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது.
ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில், அதாவது பொருள் அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் நெருக்கத்தில், அப்பர்ச்சரை எஃப்/8 வைத்தால் கூர்மையாக விழும் பகுதி ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் கால் போய்விடும், காலுக்கு வைத்தால் கண் போய்விடும். உடனே எல்லோரும் துளையைச் சுருக்க எஃப்/22-க்கு ஓடுவார்கள். அந்த நெருக்கத்தில் அது ஏறத்தாழ எஃப்/44 போலத்தான் வேலை செய்யும். சிறு துளையில் நுழையும் ஒளி விரிந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மழுங்கும். லென்ஸைக் குறை சொல்லும் முன் கையேட்டைத் திறந்து பார்க்கலாம். ஒரு சுருளுக்கு 36 படம் என்று எடுத்துப் பழகியவர்களுக்கு எண்பது படத்தை வீணாக்கும் துணிச்சல் வந்ததில்லை.

கடல்கண்ணாடி
ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவுச் சென்சார்) கேமரா, 90 மி.மீ. மேக்ரோ, எஃப்/11, 1/125. டிரைபாட் உண்டு. ஃபிளாஷ் இல்லை. தட்டையான கண்ணாடித் தொட்டி. பம்ப் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் எடுத்தேன். இறாலும் என் அதிர்ஷ்டம், அசையவே இல்லை. மீசைகூட ஆடவில்லை. ஆகவே அசைவு காரணமில்லை. விளக்கு வழக்கமானதுதான்.

உப்புக்கரண்டி
ஒரு மணி நேரமாகவா நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? முதலில் எழுந்து போய்ப் பம்பைப் போடுங்கள். நீர் மேற்பரப்பு அசைந்தால்தான் தொட்டிக்குள் ஆக்சிஜன் இறங்கும். படமெடுக்கப் பத்து நிமிடம் நிறுத்துவது வேறு, இது வேறு.

கடல்கண்ணாடி
போட்டுவிட்டேன். மறந்தே போனேன்.

நீலவிளக்கு
"வழக்கமான விளக்கு" என்றால் எனக்கு ஒன்றுதான் அர்த்தம்: 450 நானோமீட்டர் பக்கம் கொட்டும் நீல எல்.இ.டி. நிறம் வெளிறுவதற்கு அதுதான் காரணம், பந்தயம் கட்டுகிறேன். அந்த வெளிச்சத்தில் சிவப்பே கிடையாது. இல்லாத சிவப்பைக் கேமரா எங்கிருந்து கொண்டுவரும்? நீலச் சேனல் பொங்கி வழியும், மற்ற இரண்டும் பட்டினி கிடக்கும். ஒயிட் பேலன்ஸை 10,000 கெல்வின் வரை ஏற்றினாலும் போதாது. லென்ஸுக்கு முன் ஓர் ஆரஞ்சு ஃபில்டர் மாட்டுங்கள், ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக) எடுங்கள். விளக்கு என்ன நிறத்தில் ஓடுகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

பவளத்தோட்டம்
ஆரஞ்சு ஃபில்டரா? ஒருமுறை அப்படி எடுத்த படத்தை நம்பி ஒரு பவளம் வாங்கினேன். படத்தில் நெருப்புத் துண்டுபோல் ஜொலித்தது. வெள்ளை வெளிச்சத்தில் வைத்தால் வேகவைத்த கிழங்கின் நிறம். நீலத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுவது படமா, வித்தையா?

நீலவிளக்கு
ஜொலிப்பு பொய்யில்லை. பவளத்தின் உடலில் உள்ள புரதங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தருகின்றன. இந்தக் குடும்பத்துப் பச்சைப் புரதத்தைத்தான் 1962-இல் ஷிமோமுரா ஒரு ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்தார். 2008-இல் அவர் உட்பட மூவருக்கு வேதியியல் நோபல் கிடைத்ததும் இதற்காகத்தான். உங்கள் கண்ணுக்கு எட்டாமல் நீலத்தில் மூழ்கிக் கிடப்பதை ஃபில்டர் வெளியே எடுக்கிறது. அவ்வளவுதான்.

பவளத்தோட்டம்
நோபல் பரிசு ஷிமோமுராவுக்கு, கிழங்கு எனக்கு. தொட்டி முன்னால் நிற்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதுதான் நிறம்.

நீலவிளக்கு
எந்த விளக்கில் நிற்பவர்? கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே சிவப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். வெள்ளை விளக்கில் நீங்கள் பார்க்கும் நிறத்தை அந்தப் பவளமே தன் இருப்பிடத்தில் காட்டியிருக்காது.

மூத்த_மேக்ரோ
இழை திசைமாறிவிட்டது. நிறுத்துங்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: நிறத்தைச் சரிபார்க்க சாம்பல் நிற அட்டையைத் தொட்டிக்குள் இறக்கி ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டையை வெளியே பிடித்துப் பயனில்லை. இதையும் பலமுறை எழுதியாயிற்று.

புதுத்தொட்டி
மன்னிக்கவும், நான் இந்தப் பக்கம் புதிது. ஒரு சின்னக் கேள்வி. நேற்று கோமாளி மீன் தொட்டியில் எந்த உயரத்தில் இருந்தது? இறால் எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் டிரைபாட் ஒரே உயரத்திலா?

மூத்த_மேக்ரோ
மீனின் முகவரி எதற்கு? அப்பர்ச்சர் பற்றி நான் எழுதியதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், தம்பி.

கடல்கண்ணாடி
மீன் நடுவாந்தரத்தில் நின்றது. இறால் அடித்தரையில், பாறை இடுக்கில். டிரைபாட் அதே உயரம்தான், கேமராவை மட்டும் கீழ்நோக்கிச் சாய்த்தேன்.

புதுத்தொட்டி
அப்படியானால் லென்ஸுக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். தண்ணீரிலிருந்து கண்ணாடி, கண்ணாடியிலிருந்து காற்று என்று ஒளி வெளியே வரும்போது வளைகிறது. நேர்குத்தாகப் பார்த்தால் பொருள் கொஞ்சம் அருகில் இருப்பதுபோல் தெரியும், வேறு சேதம் இல்லை. சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவு வளையும். அதுதான் ஊதாவும் பச்சையும். ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்களும் ஓரிடத்தில் சேராது, புள்ளி கோடாக இழுபடும்.
கேமரா இல்லாமலே சோதிக்கலாம். கோடு போட்ட தாளைக் கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி தொட்டியின் பின்கண்ணாடியில் ஒட்டுங்கள். முன்னால் நேராக நின்று பாருங்கள், பிறகு அதே உயரத்தில் பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாகப் பாருங்கள். கோட்டின் ஓரத்தில் மெல்லிய வண்ணக் கரை முளைக்கும். எனக்கு முதல் வாரம் முழுக்க இதே தொல்லைதான்.
கேமராவைச் சாய்க்காமல் இறாலின் உயரத்துக்கு இறக்குங்கள். லென்ஸ் முகப்பு கண்ணாடிக்கு இணையாக இருக்கட்டும். ரப்பர் ஹூட் இருந்தால் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், அறையின் பிரதிபலிப்பும் விழாது. நிறம் ஏன் வெளிறுகிறது என்பது எனக்குப் புரியவில்லை. இதனால் சிவப்பு போகாது.

உப்புக்கரண்டி
இதுதான் விஷயம். வளைவான தொட்டியா என்று கேட்டேனே தவிர, கேமரா சாய்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூத்த_மேக்ரோ
கோணம் முக்கியம் என்பது அடிப்படை. சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றுதான் விட்டுவிட்டேன்.

பவளத்தோட்டம்
அது சரி!

நீலவிளக்கு
கூர்மைக்குக் கோணம், ஒப்புக்கொள்கிறேன். நிறத்துக்கு நீல விளக்குதான். பந்தயம் நிற்கிறது. கடல்கண்ணாடி, விளக்கு என்ன நிறம்?

உப்புக்கரண்டி (மறுநாள் பிற்பகல் 3.10)
ஆள் எங்கே? தொட்டி நலமா?

கடல்கண்ணாடி (இரவு 8.25)
எல்லாம் நலம். நேற்று இரவே டிரைபாட்டைத் தூக்கி வைத்துவிட்டு, நான்கு புத்தகங்களின் மேல் கேமராவை வைத்து, தரையில் படுத்து எடுத்தேன். கசிவு சுத்தமாகப் போய்விட்டது. புதுத்தொட்டி, மிக்க நன்றி.
நிறம் மட்டும் அப்படியே வெளிறி இருந்தது. படம் கூர்மையாக வந்ததால் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிக் குமிழிபோல் ஒன்று, உள்ளே எதுவும் இல்லை. முதுகில், தலை ஓடும் உடலும் சேரும் இடத்தில் ஒரு பிளவு. கால்கள் அத்தனையும் இருக்கின்றன, மீசையும் இருக்கிறது, எல்லாம் வெற்றுக் கூடு.
இறால் சட்டை உரித்திருக்கிறது. இடுக்கில் செருகிக்கிடந்த சட்டையைத்தான் அவ்வளவு நேரமும் எடுத்திருக்கிறேன். பம்பைப் போட்ட பிறகும் அது நகராததால் சந்தேகமே வரவில்லை. இறால் பாறைக்குப் பின்னால் புது ஓடு இறுகும்வரை ஒளிந்திருக்கிறது. மீசை நுனி மட்டும் தெரிகிறது, நல்ல வெள்ளையாக, ஆடிக்கொண்டிருக்கிறது.
அனுப்ப வேண்டியவருக்குக் கோமாளி மீனை அனுப்பிவிட்டேன்.

பவளத்தோட்டம்
மீசைகூட ஆடவில்லை என்று நீங்கள் எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உயிருள்ள கிளீனர் இறால் மீசையை ஆட்டாமல் அரை நிமிடம் நின்று நான் பார்த்ததில்லை. கிழங்குச் சண்டையில் கவனிக்காமல் விட்டேன்.

நீலவிளக்கு
பந்தயத்தில் தோற்றேன். ஆனால் விளக்கு என்ன நிறம் என்று இன்னும் சொல்லவில்லையே?